தரிசாக விட்ட உன் வயல்

ஹாலாவா, மோலோக்காய் தீவு
மார்ச் 1851

அன்புள்ள மகன் கெகோவாவுக்கு அப்பா நாயோலி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை புவாவும் ஆண்டவர் அருளால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கலிபோர்னியாவில் பொன் தோண்டும் உன் கையும் காலும் முழுசாக இருக்கிறதா என்று அறிய ஆவல். எனக்கு எழுத்து வராததால் புவாதான் எழுதுகிறாள், நான் பெருமூச்சு விட்டால் அதையும் எழுதட்டுமா என்று கேட்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கூழுக்குக் கிழங்கு இடிக்கத்தான் உட்கார முடியவில்லை. நீ ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

சுற்றி வளைக்கிறேன் என்று புவா முறைக்கிறாள், சொல்லிவிடுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் உனக்கென்று வைத்திருந்த சேப்பங்கிழங்கு வயல் போய்விட்டதப்பா. வெள்ளம் கொண்டுபோகவில்லை, என் வாய் கொண்டுபோனது. நிலமெல்லாம் அரசருக்கும் தலைவர்களுக்கும் என்றிருந்தது போய், பாடுபடுகிறவன் சாட்சி வைத்துத் தன் துண்டைத் தன் பேருக்கே எழுதி வாங்கலாம் என்று சட்டம் வந்து, அளவைக்காரர் சங்கிலியோடு வந்தார். நட்டிருந்த இரண்டு வயலுக்கும் பக்கத்து வயல் மக்குவா சாட்சி சொன்னார், எழுதிக்கொண்டார்கள். உன் வயலை நீ வந்து நடட்டும் என்று தரிசாக விட்டிருந்தேன், புல்லும் சேறுமாகக் கிடந்தது. இது யாருதுய்யா என்று அளவைக்காரர் கேட்டபோது பக்கத்தில் தலைவரின் மணியக்காரர் நின்றார். அவர் முகத்துக்கு நேரே என் மகனுது என்று சொல்ல நாக்கு கூசியது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய மரியாதைப் பதில்தான் வந்தது, தலைவரோடதுங்க என்றேன், அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு மணியக்காரர் வாசலில் போய் நின்றேன். அவரோ, நானா புடுங்கினேன் நாயோலி, நீதானே வாயாலே தூக்கிக் குடுத்தே, இப்ப வந்து தலையைச் சொறிஞ்சா என்றார். தலைவர் அதை மாடு வளர்க்கும் வெள்ளைக்காரருக்கு விற்றுவிட்டார், வேலியும் போட்டாயிற்று. அம்மா நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் பேருக்கு வந்த இரண்டில் கீழ் வயல் உன்னுடையது, நான் கண்ணை மூடிய பிறகல்ல, நீ வந்து இறங்கும் அன்றே. வரும்போது ஓடை வழியாக வா, பழைய வரப்பு வேலிக்குள் போய்விட்டது. கலிபோர்னியாவில் உன் பொருளைக் காட்டி யாராவது யாருதுன்னு கேட்டால் மரியாதை பார்த்து நிற்காதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

தலை நிமிர முடியாத உன் அப்பா,
நாயோலி

அண்ணா, இது அப்பா சொல்லாதது, நானே சேர்த்தது. தினமும் காலையில் அவர் வேலியோரம் போய் நின்று, இது என் மகன் கெகோவாவோட நிலம் என்று சத்தமாகச் சொல்கிறார். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. எழுதிக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை.
புவா