இரண்டு மார்க் பிளேட்டு

14-3-54, ஞாயிறு

வீட்டிலிருந்த நாற்பத்தொரு பிளேட்டையும் இன்று காலையிலிருந்து கிராமபோனில் போட்டுக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மார்க் எழுதினேன். கரகரப்பு, ஊசி தாவுவது, சுருதி எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்த பேரிங்கைக் கழிக்கிற மாதிரி. ஒன்றே ஒன்று இரண்டு மார்க். பாட்டைவிட இரைச்சல் அதிகம். அதை வெந்நீரில் போட்டு இளக்கி, பக்கத்து வீட்டில் செய்திருப்பது போலக் கிண்ணமாக வளைத்து வைத்தேன்.

சாயங்காலம் அக்கா புளியந்தோப்பிலிருந்து திரும்பினாள். கிண்ணத்தின் அடியில், பிளேட்டின் நடுவே பாட்டின் பெயர் போட்டு ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மச்சான் கப்பல் வேலைக்குப் போகுமுன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பிளேட்டாம். நான் வேலைக்குப் போனபின் தினமும் மத்தியானம் போட்டுக் கேட்பாளாம். அவரிடமிருந்து கடிதம் வந்தே எட்டு மாதமாகிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. மடையன்.

"அதுக்கு எவ்ளோ மார்க்குடா போட்டே, இன்ஜினீரு?"

"ரெண்டு."

"ரெண்டாவது குட்த்தியே," என்று சிரித்தாள். கிண்ணத்தில் வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுபடி வெந்நீரில் போட்டுத் தட்டையாக்கிப் பார்க்கிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"வுட்றா. அதுல வெங்காயம் கீது," என்றாள், திரும்பாமலே.

பத்து என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்போது வாயில் வந்தது ரெண்டுதான்.