நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நான் தேடிய வரி

எதைச் சொன்னாலும் "யாரு சொன்னா?" என்று கேட்கும் என் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்க வேண்டும். மீனுவுக்குச் சளி, எனக்கு வேலை, மறுபடியும் மீனுவுக்குச் சளி. உன் புத்தகப் பெட்டியைக் கழக்கூட்டம் ஃபிளாட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். திறந்தால் அழுவேன் என்று திறக்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு ஆரியசாலைக் கடைத்தெரு பற்றி விக்கியில் ஒரு கட்டுரை எழுதினாயே, அதன் தலையில் இப்போது ஓர் அறிவிப்பு இருக்கிறது. மேற்கோள்கள் உசாத்துணைப் பட்டியலோடு, அதாவது கடைசியில் வரும் நூல்பட்டியலோடு, இணைக்கப்படவில்லையாம். உன்மேல் குற்றமில்லை. வரிக்கு வரி அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டிருக்கிறாய். கடைசியில் புத்தகங்களை உன் பாணியில் கையாலேயே தட்டி அடுக்கியிருக்கிறாய். ஆனால் மேலே இருக்கும் பெயரைத் தொட்டால் கீழே இருக்கும் புத்தகத்துக்குப் போக வழியில்லை.

சரிசெய்யாவிட்டால் ஆதாரம் தெரியாத பகுதிகளை நீக்க வேண்டிவரும் என்று உரையாடல் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பணிவாகத்தான். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மீனு மத்தியானம் தூங்கும்போது உட்கார்ந்தேன். கீழே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, மேலே அடைப்புக்குறியிலும் அதையே எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் முடியவில்லை. அதற்குள் அவள் எழுந்து வந்துவிடுவாள். "அம்மே, கழிஞ்சோ?" முடிந்ததா என்று கேட்பதுகூட, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து மலையாளம்தான். "இல்ல மக்ளே, இன்னும் கொஞ்சம்தான்" என்பேன். நீ பேசுவது போலவே எனக்குக் கேட்கும்.

ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன். 'மழைவெள்ளம் சந்துக்குள் ஏறிய நாளில், கடைக்காரர்கள் வந்து சேருமுன் மூட்டைகளைத் தூக்கி மாடியில் ஏற்றியவர்கள் அந்தத் தெருப் பெண்கள்.' கட்டுரை முழுவதிலும் பெண்கள் வருவது அந்த ஓர் இடத்தில்தான். பக்கம் நாற்பத்திரண்டு என்று போட்டிருக்கிறாய். ஆனால் அந்த ஆசிரியர் அதே ஆண்டில் இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டும் உன் பட்டியலில் இருக்கின்றன. எதைச் சொன்னாய்?

பாதி நாள் லீவு போட்டு, மீனுவையும் இழுத்துக்கொண்டு நூலகம் போனேன். இரண்டு புத்தகமும் அங்கே இருந்தன. ஒன்றில் நாற்பத்திரண்டாம் பக்கம் மிளகு ரகங்கள். இன்னொன்றில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகளின் ஓட்டுக்கூரை. வெள்ளமும் இல்லை, பெண்களும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பார்த்தேன்.

உன் மாப்பிள்ளை சொன்னார்: "ஏதாவது ஒண்ணுக்கு லிங்க் குடுத்துட்டு விடு. யாரு போயி புஸ்தகத்த எடுத்துப் பாக்கப் போறா?"

"அம்மா பாப்பா."

அடுப்படிப் பக்கம் போனார். "சாயா போடட்டா?" என்றார்.

லிங்க் கொடுத்தும் பார்த்தேன், அம்மா. பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. சேமிக்க மட்டும் கை வரவில்லை. மீனுவுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது போனில் உன்னிடம் என்னென்னவோ படித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? "யாரு சொன்னா? டாக்டரா, வாட்ஸாப்பா?" என்றாய். வாட்ஸாப் என்றேன். "அப்பொ சவத்த விடு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் ஒவ்வொரு காய்ச்சலையும் கடக்கிறேன். நீயே ஒரு வரியை இட்டுக்கட்டியிருந்தால், அந்தச் சொல்லையும் நான் எப்படி நம்புவது?

வேறு வழியில்லாமல் பெட்டியை இழுத்தேன். ஓட்டுக்கூரைப் புத்தகம், உன் பிரதி. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், உன் சாய்ந்த எழுத்தில் அதே வரி. கீழே சின்னதாக: 'சொன்னது செல்லம்மை அக்கா. அவளும் தூக்கினாளாம்.'

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். பெட்டியிலேயே இருந்தது, பக்க எண் போட்டு நீ குறிப்பெடுத்த நோட்டு; அதில் இதையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். வருஷங்கள் கழித்து நோட்டைப் பார்த்துத் தட்டும்போது, எது அச்சு, எது உன் கை என்று மறந்துபோயிருக்கிறது. அவ்வளவுதானே?

அந்த வரியைக் கட்டுரையிலிருந்து நானே எடுத்துவிட்டேன். ஓரத்துப் பென்சிலை விக்கி ஆதாரமாக ஏற்காது. 'இதை எழுதியவர் என் அம்மா. காலமாகிவிட்டார். இந்த வரி நூலில் இல்லை' என்று உரையாடல் பக்கத்தில் எழுதினேன். மற்றதெல்லாம் இப்போது தொட்டவுடன் உன் பட்டியலில் போய் நிற்கிறது. அறிவிப்பும் போய்விட்டது. என்மேல் கோபமா? நீயும் இதைத்தான் செய்திருப்பாய், இல்லையா?

செல்லம்மை அக்கா யார், இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. மீனுவுக்குச் சளி குறைந்ததும் ஆரியசாலைக்குப் போய்க் கடை கடையாய் விசாரிப்பேன். கிடைக்காவிட்டாலும், மூட்டை தூக்கிய பெண்களைப் பற்றி மீனுவிடம் சொல்லிவிடுவேன். அவள் உன் பேத்தி. "ஆரு பறஞ்சு?" என்று கட்டாயம் கேட்பாள். முதலில் செல்லம்மை அக்கா பெயரைச் சொல்வேன், அடுத்தது உன் பெயர். இது சத்தியம்.

உன் மகள்,
மீனுவின் அம்மா
சுபா