யானை தொங்கினாலும் வராது

என் வாயாடி அக்காவுக்கு,

உன் குளியலறையில் கைப்பிடிக் கம்பி மாட்டியாகிவிட்டது. உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் உன் முழங்கால் வலிக்காக ஒரு கம்பி மாட்டினேனே, அப்போது பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. பாதித் தோட்டத்தைப் பறிக்காமல் விட்டிருந்தோம். "வெல ஏறட்டும் கண்ணு, ஆள் வெச்சே மாட்டிக்கலாம்" என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. குன்னூரில் கம்பி வாங்கி வந்து நானே துளை போட்டேன். நீ ஆசைப்பட்டுப் பதித்த நீலப்பூ டைல்ஸ் விரிசல் விடுமோ என்று பயந்து, ஆழமாகப் போடவில்லை. குட்டை ஸ்க்ரூ. அது செங்கலைத் தொடவே இல்லை. ஆனால் வாய் மட்டும் குறைவில்லை. "யானை தொங்குனாலும் வராதுக்கா" என்றேன்.

நீ நம்பிவிட்டாய். அதுவரை சுவரைத் தடவி மெதுவாக நடந்தவள், மொத்தப் பாரத்தையும் அதில் போட்டாய். கம்பி கையோடு வந்துவிட்டது. இடுப்பு முறிந்து படுத்தவள் எழவேயில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "சோப்புத் தண்ணி வழுக்கிருச்சுங்க" என்றாயே, ஏன் அக்கா? என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

இப்போது மாமாவுக்கும் கால் தள்ளாடுகிறது. நல்ல ஆளாகக் கூட்டி வருகிறேன் என்றேன். உன் வீட்டுக்காரர் கேட்டால்தானே! "வேண்டாம் மாப்ளே, நீயே மாட்டு" என்றார். கழன்று வந்த கம்பியை அன்று எடுத்து வைத்தவரே அவர்தான். எல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

இந்த முறை டைல்ஸைத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றுச் சத்தம் கேட்ட இடங்களை விட்டேன். முதல் துளையில் ஒரு நீலப்பூ விரிசல் விட்டது. அதை விட்டுப் பக்கத்து டைல்ஸில், செங்கலுக்குள் நன்றாக இறங்கும்வரை துளைத்து, நீள ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். பிறகு கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு தொங்கினேன். கம்பி அசையவில்லை.

"எறங்கு மாப்ளே, போதும்" என்றார் மாமா, கதவோரம் நின்று. எனக்கு இறங்க மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை இப்படித் தொங்கிப் பார்த்திருந்தால் நீ இருந்திருப்பாய், அக்கா.

இனி மாமா குளிக்கப் போகுமுன் தினமும் நான் வந்து தொங்கிப் பார்ப்பேன். கம்பி கழன்றால் விழுகிறவன் நானாக இருப்பேன்.

நீ காட்டிக்கொடுக்காத
உன் தம்பி