கணக்கில் நானும் ஒரு முழு ஆள்

மார்ச் 3
மேலிடத்திலிருந்து ஒரு பொண்ணு வந்திருக்கிறாள், எங்கள் வங்கிக் கிளையை அளக்க. டேப் எங்கே என்று கேட்டேன். மேனேஜர் முறைத்தார். கிளையின் சுறுசுறுப்பை அளப்பார்களாம். நடந்த வேலையை ஆட்கள் எண்ணிக்கையால் வகுப்பார்களாம். கூட்டித் துடைக்கிற நானும் அதில் ஒரு ஆள். சம்பளத்தில் அரை ஆள், கணக்கில் முழு ஆள்! இனி மரியாதையாகப் பேசும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5
புதுக் கணக்கு தொடங்கும் மேசை அண்ணன்தான் எங்கள் ஆமை. விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டி, "புரிஞ்சுதா? திரும்பச் சொல்லவா?" என்பார்.

"அண்ணே, வந்தவர் எழுந்து போறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்" என்றேன்.

"வாயாடி, உன் வாய்க்கு மார்க் போட்டா நம்ம கிளைதான் முதல்."

மார்ச் 6
வேலை கூடினால் மார்க் கூடும்தானே? நாத்தனார், அவள் மாமியார், என் கொழுந்தன் எல்லாரையும் நாளைக்குக் கணக்கு தொடங்க வரச் சொல்லிவிட்டேன். என் மூளையே மூளை.

மார்ச் 7
மூளையாவது மண்ணாவது! என் கூட்டம் ஆமை மேசையை மதியம் வரை விடவில்லை. அந்த மாமியார் வரிக்கு வரி சந்தேகம் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் போனார்கள். அளக்க வந்த பொண்ணு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

மார்ச் 19
முடிவு வந்தது. இங்கே நடக்கிற வேலைக்கு ஒரு ஆள் அதிகமாம்.

எந்த ஆள்? நான்தான். துடைக்க வெளியாள் போதுமாம்.

சிரிச்சுக்கிட்டேதான் மாப்பைப் பிழிஞ்சேன். பிழிஞ்சுக்கிட்டே இருந்தேன். இந்த வயசுல எங்க போய் வேலை கேட்பேன்?

மார்ச் 21
ஆமை அண்ணன் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு தலை குறையணும், அவ்வளவுதான். நீங்க இருங்கம்மா."

அண்ணனிடம் ஓடினேன். "ஏண்ணே?"

"அந்தக் கிளை என் வீட்டுக்குப் பக்கம்மா."

பக்கமா! ரெண்டு பஸ் மாறணும். பொய்யைக்கூட நிதானமாகத்தான் சொன்னார்.

மார்ச் 22
யாரையும் கிண்டல் செய்யவில்லை. காய்ச்சலா என்று மேனேஜர் கேட்டார்.

ஏப்ரல் 16
லீவு போட்டு அந்தக் கிளைக்குப் போனேன். வரிசையில் நின்று, அண்ணன் எதிரில் உட்கார்ந்தேன்.

"கணக்கு தொடங்கணும் சார்."

"உனக்குத்தான் அங்க இருக்கே!"

"உங்க பேர்ல இங்க ஒரு வேலை கூடட்டுமேண்ணே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். பின்னால் யாரோ செருமினார்கள்.

"புரிஞ்சுதா?" என்றார்.

"இல்லண்ணே, திரும்பச் சொல்லுங்க."