பெயர் மாறாத வேன்

கேகாலை
12.02.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மகள் தனுஷிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தான், அவர் ஆத்மா சாந்தியடையட்டும், உங்கள் பேரில் வாங்கிவிட்ட வேனுக்கு ஆள் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷப் பழசு. ஆனாலும் புது வேனுக்கு வரி ஏற ஏறப் பழசுக்கு மவுசுதான். ஆறு லட்சம் தருகிறார், பேரையும் உடனே மாற்றிக்கொள்வார். யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

தம்பி உதயராஜ்

தெரணியகலை
20.02.2007

தம்பி உதயராஜுக்கு,

ஆறு என்கிறாய். புரோக்கர் மஷூரோ, "எட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு குடுக்கலாங்க" என்கிறார். நடுவில் இரண்டு லட்சம் எங்கே போகிறது? வாங்குகிறவர் பேரைக்கூட நீ எழுதவில்லை. யோசிக்காதே என்கிறாயே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. அத்தான் இருந்தபோது நீ கூடுதல் விலை சொல்லி டயர் வாங்கிவந்த கதை எனக்கு மறக்கவில்லை.

புஷ்பம்

கேகாலை
26.02.2007

அன்புள்ள அக்கா,

மஷூர் சொல்வது ஓப்பன் பேப்பர் விலை. எழுதாத படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள். வேன் பத்துக் கை மாறினாலும் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பேர்தான் நிற்கும். ஊரெல்லாம் அப்படித்தான் விற்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் தமிழ்ப் பேரில் உள்ள வேன் எங்காவது மாட்டினால் யார் வீட்டுக்கு வருவார்கள்? டயரில் நான் சம்பாதித்தது ஏச்சு மட்டும்தான். கூடப்பிறந்தவனை இப்படியா நினைப்பது?

உதயராஜ்

தெரணியகலை
05.03.2007

உதயராஜுக்கு,

மஷூரிடம் எட்டுக்கு விற்றுவிட்டேன். கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பயம் காட்டிப் பிழைக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இனிமேல் என் கடைப் பக்கம் வராதே.

புஷ்பம்

தெரணியகலை
03.09.2007

தம்பி ராசா,

பொலிஸ் உன்னைக் கொண்டுபோய் ஏழு நாள் ஆகிறது. சோதனைச் சாவடியில் வேனைப் போட்டுவிட்டு ஓடினவன் யாரோ. உள்ளே வெடிமருந்து, புத்தகத்தில் நான். கடைக்குப் பொலிஸ் வந்திருக்கிறது என்று தனுஷிகா போன் பண்ணியதும் ஓடி வந்து, அவர்களிடம் சிங்களத்தில் என்ன சொன்னாய்? "வேனை வித்தது நாந்தான் சேர். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் காட்டுன எடத்துல கையெழுத்து வச்சாங்க." நான் கல்லாவுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றேன். பயமாக இருந்தது, தம்பி. உன்னைத் திருடன் மாதிரி ஏசிய வாய் அப்போது செத்துப்போய்விட்டது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் உன்னை வைத்திருக்கிற பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து, உன் கடிதங்களோடு சேர்த்து அந்தப் பெரிய ஐயா கையில் கொடுப்பேன். அவர் முன்னாலேயே கீழே கையெழுத்தும் போடுவேன். உன் அக்காவுக்கு எழுதத் தெரியும் என்று அவர் பார்க்கட்டும்.