உப்புக்கு நேரே எழுதாத தொகை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் பிலோமினா வணக்கத்துடன் எழுதுவது. மழை விட்டு உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்குமே, ரப்பர் பூட்ஸ் வாங்கினீர்களா? கால் புண் ஆறியதா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? வார்சாவில் குளிர்தான், வேறு குறையில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

போலந்து, ஜெர்மனி, போர்ச்சுகல் குடும்பங்கள் ரொட்டி, பால், சோப்புக்கெல்லாம் எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஒப்பிடுவதுதான் எங்கள் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தேனே. போன வாரம், பழகுவதற்காக அவரவர் வீட்டுச் செலவை எழுதச் சொன்னார்கள். நான் உப்புக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. மேலதிகாரி அம்மா கூப்பிட்டு, "மறந்துவிட்டாயா?" என்றார். எங்கள் வீட்டில் உப்பு வாங்கியதே இல்லை, அப்பா வேலை முடிந்து வரும்போது கொண்டுவருவார் என்றேன். கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் காலைப் பற்றி நான் சொல்லவில்லை.

அந்தோணிராஜ் மாமா மகள் கீதாஞ்சலி அடுத்த மாதம் இங்கே படிக்க வருகிறாள். அவளிடம் ஒரு கிலோ கல்லுப்பு கொடுத்தனுப்புங்கள். நான் கிளம்பும்போது, "ஏம்மா, அங்க கடையே இல்லியா? உப்பப் போயி கட்டிக்கினு போற!" என்று கேலி செய்தீர்களே, அந்தப் பொட்டலம் தீர்ந்து இருபது நாளாகிறது. தினமும் கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். நீங்கள் வாராத உப்பைக் காசு கொடுத்து வாங்கக் கை வரவில்லை.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். அம்மா கேட்டால், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பிலோமினா