மனுவேலின் முதுகுக்கு ஒரு சாட்சி

திரேசா,

குசினியில் மீன்குழம்பு மூடியிருக்கிறது. உன் புருஷன் மனுவேல் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அவனோடு நீ கதைப்பதில்லை என்பதால், தன்னை வேறு ஆளாக வைத்தே இதை எழுதியிருக்கிறான்.

"குனிஞ்சு சோறு தின்ன நோகேல்லை, நிமிர்ந்து வலை வீசத்தான் நோகுதோ?" என்று கத்தினாயே. அதை அவன் போன கிழமை டொக்டரிடம் முறைப்பாடாகச் சொன்னான். அவர் துள்ளி எழும்பினார்.

"அதுதானய்யா வருத்தம்! முள்ளந்தண்டுக்குப் பின்னால இருக்கிற சின்ன மூட்டுகள் தேஞ்சுபோச்சு. நிமிர்ந்து திரும்பேக்கதான் நோகும்."

ஆக, வருத்தத்தைக் கண்டுபிடித்தது உன் வாய்.

இன்று ஊசி போட்டு அந்த மூட்டு நரம்பை விறைக்க வைப்பார்கள். நோ நின்றால் மூட்டுத்தான் குற்றவாளி. பிறகொரு நாள் நரம்பைச் சூட்டால் கருக்குவார்கள். நிற்காவிட்டால் நோ வேறெங்கே இருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

வில்லங்கம் என்னவென்றால், நோ நின்றதா என்று மனுவேலைத்தான் கேட்பார்கள். கொக்கிளாய்க் களப்பில் ஒரு திருக்கை மீன் தன்னை முல்லைத்தீவு வரை இழுத்துப்போய், திரும்பிவர பஸ்ஸும் ஏற்றிவிட்டது, அதில்தான் முதுகு பிடித்தது என்று டொக்டருக்கே சொன்னவன்.

அவர் சிரிக்கவில்லை. "வீட்டில உண்மை சொல்லுற ஆள் ஆரும் இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அடுத்த பஸ்ஸில் வா. ஊசிக்குப் பிறகு அவன் சொல்வதைக் கேளாதே. அவனை நிமிர்த்தித் திருப்பி, முகத்தைப் பார். உனக்குத் தெரியும்.

வீட்டுச் சாவியைக் கொண்டு வா. அவனுடையதைக் கோழி விழுங்கிவிட்டது.

பி.கு.: மனுவேலுக்கு ஊசிக்குப் பயமே இல்லை. கெதியாக வா.